சுண்டை அக்காவுக்குக் காட்டமாட்டேன்

கோபம் வந்தால் வாய் திறக்காமல் மா அரிக்கப் போய்விடுகிற என் றீற்றாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நான் கேக் அடிக்கப் பழகிவிட்டேன். சிரிக்காதே. வங்காலையில் பாதி வள்ளங்களின் என்ஜினைக் கழற்றிப் பூட்டிய கைக்கு முட்டை அடிக்க வராதா? ஆனாலும் முதல் இரண்டு கேக்கையும் உன் கோழிகள்தான் கொத்தித் தின்றன. மூன்றாவதில் ஒரு துண்டைச் சாப்பிட்ட நம் மகள் சுகந்தி, எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினாள். அப்போதுதான் கேக் சரியாக வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

உன் நினைவில் உருகிப்போய்ப் பழகினேன் என்று நினைத்துவிடாதே. வஞ்சம் தீர்க்கத்தான் பழகினேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நீ கண்மூடிய நாளின் ஆண்டுத் திருப்பலி முடிந்து எல்லோரும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். உப்புக்குளத்திலிருந்து என் அக்காவும் வந்தார். கையில் பெரிய தட்டு, தட்டின் மேல் லேஸ் துணி. துணியை எடுத்தால் உள்ளே உன் ரவைக் கேக். சுவாமியார் இருந்த மேசையில் கொண்டுபோய் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“இது எங்கட அம்மாவின்ர கேக். றீற்றாவுக்கு நான்தான் காட்டிக் குடுத்தனான்.”

எங்கள் அம்மாவை உனக்குத் தெரியும்தானே. மனுசி இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பயித்தம் உருண்டைக்குப் பயறு வறுத்தாலே வீடெல்லாம் புகை. அந்த அம்மாவின் கேக்காம்! நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். செம்பை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

பிறகு வெட்டினார்கள். கத்தி இறங்கவில்லை. பெரிய கத்தி கொண்டு வந்து வெட்டினார்கள். சுவாமியார் பாவம், ஒரு துண்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துத் தோய்த்துப் பார்த்துவிட்டுச் சாசரின் ஓரத்தில் வைத்தார். எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியதும் அக்கா கதையை மாற்றினார்.

“நான் என்ன செய்ய? றீற்றா சொன்ன கணக்குத்தான் போட்டனான். அவவின்ர கை அவ்வளவுதான்.”

நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்தபோது அது அம்மாவின் கேக். கத்தி இறங்காதபோது உன் கேக். உன் படத்துக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை, றீற்றா. உன் வீட்டில், உன் மேசையில், உன் கையைப் பழித்தார். நத்தாருக்கு நத்தார், பாலன் பிறப்புப் பூசை முடிந்ததும் உன் கேக்குக்குக் காத்திருந்த சனம் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தது. ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. செத்தவரின் ஆண்டுச் சாப்பாட்டில் யார்தான் வாய்காட்டுவார்கள்?

இது புதிதா? நீ கலியாணம் முடித்து வந்த முதல் நத்தாருக்கு, நீலக்கரைத் தட்டில் கேக் வைத்து அக்காவுக்கு அனுப்பினாய். யார் வீட்டுத் தட்டையும் நம் பக்கத்தில் வெறுமனே திருப்புவதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பது. உன் தட்டு எப்படித் திரும்பி வந்தது? வெறும் தட்டாக வந்தது, கழுவாமல் வந்தது. நீ அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மச்சாளுக்கு இனிப்பு ஆகாதாக்கும் என்றாய். அன்றைக்கு மூன்று முறை மா அரித்தாய்.

அப்படிப்பட்டவர் நீ நோயில் படுத்த பிறகு ஏன் வந்து கட்டிலருகில் கதிரை போட்டு இருந்தார்? ரவை எத்தனை சுண்டு, சீனி எத்தனை சுண்டு, கஜு எத்தனை, முட்டை எத்தனை, பட்டர் எத்தனை பக்கெற் என்று துருவித் துருவிக் கேட்டார். நீ ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாய். அதைப் பார்த்து எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. அக்கா போனதும் நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். உன் தோள் குலுங்கியது. நோவாக்கும் என்று நான் முதுகைத் தடவிவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். அது நோவா, சிரிப்பா?

ஏனென்றால் நான் அடித்த முதல் இரண்டு கேக்கும் அக்காவின் கேக்கைப் போலவே கல்லாகத்தான் வந்தன. நீ சொன்ன கணக்கு எனக்கும் மனப்பாடம். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுகந்தி புதிதாக வெட்டி வைத்திருந்த ரின்பால் தகரப் பேணியால்தான் அளந்தேன். எல்லா வீட்டிலும் அளக்கிற சுண்டு என்பது வெறும் ரின்பால் பேணிதானே. மூன்றாம் தரம் அந்தப் பேணியைக் காணவில்லை என்று தேடும்போது, அரிசி வாளிக்குள் உன் பழைய சுண்டு கிடந்தது.

எடுத்ததும் கை சொல்லிவிட்டது. அதன் வாய் உன் விரலைக் கிழித்த நாள் ஞாபகமிருக்கிறதா? நான்தான் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், வாயை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்து, விளிம்பை உள்ளே மடித்துத் தட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீ அளந்ததெல்லாம் அந்தக் கட்டைச் சுண்டால்தான். ரவையும் சீனியும் கஜுவும் சுண்டுக் கணக்கு. முட்டையும் பட்டரும் எண்ணிக்கை. முழுச் சுண்டால் அளந்தால் ரவை கூடிப்போகும், முட்டை எப்படிக் காணும்? கேக் கல்லாகாமல் என்ன செய்யும்?

நீ அக்காவுக்குப் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய். எந்தச் சுண்டு என்று மட்டும் அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டாயா, றீற்றா?

அக்காவின் பேத்திக்குப் போன மாதம் முதல் நன்மை, முதல் தரம் நற்கருணை வாங்கினாள். உப்புக்குளத்தில் விருந்து. ஆண்டுத் திருப்பலிக்கு வந்த அதே சனம், அதே சுவாமியார். நான் நீலக்கரைத் தட்டில் உன் கேக்கைக் கொண்டுபோனேன். யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கடையில் சொல்லிச் செய்வித்த ஐசிங் கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு மூலையில் போய் இருந்தேன். சுவாமியார் ஒரு துண்டு எடுத்தார். தேத்தண்ணியில் தோய்க்கவில்லை. இன்னொன்று எடுத்தார். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்.

“இது றீற்றாவின்ர கையல்லோ?”

ஓம் ஓம் என்று நாலு பக்கமும் சத்தம். தட்டு காலியானது. அக்கா குசினி வாசலில் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த முகத்தை உனக்குக் காட்ட முடியவில்லையே என்பதுதான் என் கவலை. எனக்கு இரக்கம் வரவில்லை. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், அன்றைக்கு மாட்டிறைச்சிக் கறியோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அக்கா தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கழுவி, துடைத்து, விளிம்புவரை சீனி நிரப்பி. இத்தனை வருசத்தில் முதல் தரம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். உன் சுண்டு அவரின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, தேயிலைப் பேணிகளோடு பேணியாக. கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, எனக்கு மட்டும் ஏன் வருகுதில்லை?”

“சொல்லுறன் அக்கா. ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில வைச்சு, அண்டைக்குச் சாப்பிட்ட சனத்துக்கு முன்னால நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. அது றீற்றாவின்ர கேக், அதைப் பழுதாக்கினது நான் எண்டு சொல்லுங்கோ. அடுத்த நிமிசம் நான் சொல்லுறன்.”

அக்கா தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பிப் போனார். ஞாயிறு பூசைக்கு வந்தார். வாசலில் கொஞ்சம் நின்றார். என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். கூடப்பிறந்தவளிடம் இப்படிக் கறாராக நிற்கலாமா என்று சுகந்தி கேட்கிறாள். உன்னிடம் கேட்டிருந்தால் நீ மா அரிக்கப் போயிருப்பாய். நான் அரிக்கப் போவதில்லை.

அவர் கொண்டுவந்த சீனியை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். இந்த நத்தாருக்கு அந்தச் சீனியில்தான் உன் கேக் அடிப்பேன். நீலக்கரைத் தட்டில் முதல் துண்டு உப்புக்குளத்துக்குப் போகும். நான் இருக்கிறவரைக்கும் வருசாவருசம் போகும். அக்கா சாப்பிடட்டும், யோசிக்கட்டும். வாசலில் நின்று உன் பெயரைச் சொல்கிற அன்றைக்குச் சுண்டை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். சொல்லாவிட்டால், என் சவப்பெட்டிக்குள் செபமாலையோடு அதையும் வைக்கச் சொல்லிச் சுகந்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அங்கே வந்து உன் கையில் தருகிறேன். நீ ரவையை வறுத்து வை.

இப்படிக்கு,
பட்டறை வாசலில் நின்று நீ “இஞ்சாருங்கோ” என்று கூப்பிடுகிற
உன் மனுசன்