அம்மா பாடி முடிக்கும்வரை

மார்ச் 3, செவ்வாய்
அம்மாவால் இன்று எழுந்து உட்கார முடியவில்லை. அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. "என் அடக்கத்துக்குக் கூலிக்குப் பாடறவங்க வேணாம். முதல் வரிய நீதான் எடுக்கணும்."
"எனக்குப் பாட வராதும்மா."
"எனக்கு மட்டும் வந்துச்சா?"
உண்மைதான். கோயிலில் ஞாயிறு ஆராதனைப் பாட்டில் எல்லாரும் வரியை முடித்த பிறகும் இவள் மட்டும் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் பெஞ்சுக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருக்கும் எனக்கு.
சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 5
விடியற்காலையில் போய்விட்டாள். கை என் கைக்குள்தான் இருந்தது.

மார்ச் 6, வெள்ளி
பெட்டி, பூ, வண்டி, குழி எல்லாவற்றுக்கும் தம்பிதான் அலைந்தான். பளபளவென்று பித்தளைப் பிடி வைத்த பெட்டி. "இத்தனை ஆடம்பரமாடான்னு திட்டப் போறா," என்று சொல்லிவிட்டு அழுதான். அம்மாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டான்.
"கண்ணாடி இல்லாம பாட்டுப் புத்தகத்த எப்படிடா படிப்பா?"
சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணாடி இருக்கட்டும்.
நாளை குரல் வராவிட்டால்? அவள் கேட்டது அது ஒன்றுதானே!

மார்ச் 7, சனி
இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.
அடக்க ஆராதனையில் எழுந்து நின்றேன். குரல் வரவில்லை. ஆர்கன் வாசிக்கிறவர் தொடக்கத்தை மறுபடி வாசித்தார், மறுபடியும் வாசித்தார். கடைசியில் ஏதோ ஒரு சத்தம் வந்தது, கோயிலே சேர்ந்துகொண்டது.
முதல் வரி முடிந்தது. யாரும் இரண்டாவதைத் தொடங்கவில்லை. ஐயையோ, தப்பாகப் பாடிவிட்டேனா? நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் சும்மா நின்றார்கள். ஆர்கன் மட்டும் அந்தக் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா இழுக்கும் அளவுக்கு. அதன் பிறகே அடுத்த வரி. ஒவ்வொரு வரி முடிவிலும் அப்படியே.
வெளியே வந்ததும் ஆர்கன்காரரிடம் கேட்டேன். "எல்லாரையும் நிறுத்தச் சொல்லி நீங்க சொல்லி வெச்சீங்களா?"
"யாரும் சொல்லலம்மா. உங்கம்மா முடிக்காம நாங்க அடுத்த வரிக்குப் போனதே இல்லியே."
அடேயப்பா! இத்தனை வருஷம் அவள் பிந்துகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு
கோயிலுக்குப் போனேன். அம்மாவின் இடத்திலேயே உட்கார்ந்தேன். பாட்டில் முதல் வரி முடிந்தது, எல்லாரும் நிறுத்தினார்கள். யாரோ ஒருத்தி மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள். தம்பி முழங்கையால் இடித்தான்.
"அக்கா, நீதான்!"
ஆர்கன்காரர் அவசரப்படவில்லை.