நண்டின் இரண்டு கால்கள்

என் பெஞ்சுத் தோழிக்கு,

வில்லியனூர் கண்காட்சியில் நீ மடித்து வைத்த காகித நண்டைப் பார்த்து, நடுவர் முன்னாலேயே, “நண்டுக்குப் பத்துக் காலுடி, நீ எட்டுதான் மடிச்சிருக்க” என்றேன். “மீதி ரெண்ட இன்னா, வறுத்துத் தின்னுட்டியா?” என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். “திருப்பிப் பாருடி” என்று நீ சொன்னாய். புத்தகம் படித்த திமிரில் நான் பார்க்கவில்லை. பரிசு வேறு யாருக்கோ போனது.

நீ விட்டுப்போன நண்டை நேற்றுதான் திருப்பினேன். வயிற்றுக்கடியில் இரண்டு சின்னக் கால்கள் இருந்தன. நம்ப முடியாமல் பிரித்தேன். மறுபடி மடிக்கத் தெரியவில்லை.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நாளை பிரேயரில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லப் போகிறேன். நீ அதை மடித்து எடுத்து வருவாயா? வராவிட்டாலும் சொல்வேன்.

வெட்கத்துடன்,
உன் இடத்தில் யாரையும் உட்காரவிடாதவள்