அலைக்குளமும் நான்காவது நிபந்தனையும்

சரவணம்பட்டி, கோயமுத்தூர்.
27-12-1996, வெள்ளிக்கிழமை.

1. காலஞ்சென்ற சின்னானின் மகனும், அறுபத்திரண்டு வயதுடையவனும், முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கோயமுத்தூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞராகத் தொழில் செய்து வருபவனுமான லட்சுமணசாமி ஆகிய நான், மஸ்கட் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் என் ஒரே மகள் பொற்கொடிக்கு, தெளிந்த நினைவோடும் எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதுவது.

2. நானும் உன் அம்மாவும் குழந்தை தேன்மொழியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் மேலே எழுதத் துணிகிறேன். நைட் டியூட்டி முடித்து வந்த களைப்பில் இதைப் படிக்க வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உட்கார்ந்து படி.

3. கிறிஸ்துமஸ் அன்று பூங்காவில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கப்பா என்று நீ தொலைபேசியில் கேட்டுக்கொண்டதன் பேரில், நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

எண் போடுவதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் அன்று நடந்ததில் எது முதல் எது அடுத்தது என்று பிரித்து நிறுத்த என்னால் முடியவில்லை. உனக்குத் தெரிந்ததே என்றாலும் ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உன் கணவர் அன்புமணி போட்ட மனு பொங்கல் கழித்து ஜனவரி 23-ஆம் தேதிக்கு வாய்தா போடப்பட்டிருக்கிறது. அன்று நீதிபதி குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகக் கேட்பார். அதற்கு முன் கோர்ட்டு விடுமுறையில் ஒரு நாளாவது மகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார், மறுத்தால் அது நமக்கு எதிராகப் பேசும் என்பதால் நான்தான் ஒப்புக்கொள்ளச் சொன்னேன். நிபந்தனைகளை எழுதியவனும் நானே. பூங்காவுக்குள் மட்டும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. குழந்தை எப்போதும் என் பார்வையில் இருக்க வேண்டும். வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. நான்காவதாக, காதில் சீழ் வந்த பிள்ளை என்று நீ அழுது சொன்னதால், குழந்தையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. அவரும் நானும் ஒப்பமிட்டு உனக்கு அனுப்ப, நீயும் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பினாய்.

மேட்டுப்பாளையம் சாலையில் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தக் கேளிக்கைப் பூங்காவைத் தேர்ந்ததற்கு என்னிடம் காரணம் இருந்தது. சுற்றிலும் மதில், உள்ளே போக வர ஒரே வாயில், வாயிலில் காவலாள், கையில் நேரம் அச்சடித்த டிக்கெட். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் சொல்லாமல் போய்விட முடியாது. மதிலைப் பற்றி விசாரித்த நான் மதிலுக்குள் என்ன இருக்கிறது என்று விசாரிக்கவில்லை. தண்ணீர் உண்டு என்று தெரியும், தண்ணீர்தான் எல்லாமும் என்று தெரியாது. ராட்டினம் இரண்டு, பஞ்சுத்தாடி வைத்து வெயிலில் வேர்த்து நின்ற கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர், மிச்சமெல்லாம் சறுக்குக் குழாய்களும் குளங்களும். தண்ணீரில் இறங்கக் கூடாத குழந்தையைத் தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போனவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாங்கள் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போனோம். கார் ஓட்டும் தம்பிதுரையையும் துணைக்கு உள்ளே அழைத்துக்கொண்டேன். அன்புமணி பெருந்துறையிலிருந்து முதல் பஸ் பிடித்து எட்டு மணிக்கே வந்து நின்றிருக்கிறார். மில்லில் எலக்ட்ரீஷியன் வேலையில் முன்பைவிட இளைத்திருக்கிறார். குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் போய் நின்று அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். உன் அம்மா அவரோடு பேசுவதில்லை என்று வீட்டில் சபதம் செய்துவிட்டு வந்தவள், பார்த்த மாத்திரத்தில் வாங்க மாப்ள, ஏதாச்சும் சாப்டீங்களா என்று கேட்டுவிட்டாள், பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு நாக்கைக் கடித்தாள். அவள் விடியலில் கிண்டிய தக்காளிச் சாதத்தைக் காவலாள் உள்ளே விடவில்லை. காரில் போய்ச் சாப்பிடலாம் என்றால் குழந்தையை வாயிலுக்கு வெளியே கொண்டுபோவது முதல் நிபந்தனைக்கு விரோதம். ஆகவே சோறு காரிலும் நாங்கள் உள்ளேயுமாக இருந்தோம். மாமா, உங்க பேப்பரு சோத்தையும் உடறதில்லீங்களே என்று அன்புமணி சிரிக்காமல் சொன்னார், தம்பிதுரை மட்டும் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் அன்று டைரி கொண்டுபோயிருந்தேன். அவர் எந்த நிபந்தனையை எத்தனை மணிக்கு மீறுகிறார் என்று குறிப்பதே என் நோக்கம், அது 23-ஆம் தேதிக்கு உதவும். பகல் ஒன்றரை வரை அதில் எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுக்கலாங்களா என்று என்னைக் கேட்டுவிட்டு வாங்கினார். ராட்டினத்தில் இரண்டு முறை ஏற்றினார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அலைக்குளம் என்று ஒன்று இருக்கிறது, அரை மணிக்கு ஒருமுறை சங்கு ஊதுகிறார்கள், ஊதியதும் குளத்துத் தண்ணீர் கடல்போலப் பொங்கி வருகிறது, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு அதில் விழுகிறார்கள். அதன் கரையில் சிமெண்டுப் படியில் நாங்கள் ஐவரும் வரிசையாக, உலர்ந்த துணியோடு, எதிர்மனு விசாரணைக்குக் காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தோம். குழந்தை முதலில் அடம் பிடித்தாள். அவளுக்கு விளக்கிச் சொன்னது நான் அல்ல, அன்புமணி. அப்புச்சி உங் காதுக்காவத்தான் எழுதியிருக்கறாருங்க கண்ணு, சீவு புடிச்சா ராத்திரியெல்லாம் நீதான அழுவே என்றார். எதிர்த் தரப்பு என் நிபந்தனைக்காக வாதாடியது. நான் டைரியை மூடிவிட்டேன்.

அப்போது குழந்தை எழுந்து என் முன்னால் வந்து நின்று, "ஏனுங்க அப்புச்சி, நீங்க எழுதுனதுதானுங்க. நீங்களே அந்த ஒண்ணை மட்டும் அடிச்சுப்போடுங்க" என்றாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு நான் சட்டம் சொன்னேன். மூன்று பேர் ஒப்பமிட்ட பத்திரத்தை ஒருவர் அடிக்க முடியாது, மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும், உன் அம்மா மஸ்கட்டில் இருக்கிறாள் என்றேன். அன்புமணி தாம் சம்மதிப்பதாகச் சொன்னார். அப்படியானால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றாள். வாயிலை ஒட்டி உட்புறமாக ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. குழந்தை என் பார்வையில் இருக்க வேண்டுமே, ஆகவே ஐந்து பேரும் எழுந்து ஊர்வலமாகப் போனோம். மூன்றாம் முறையில் லைன் கிடைத்தது. உன் விடுதியில் ஒரு பெண் மலையாளத்தில் நீ டியூட்டிக்குப் போயிருப்பதாகவும் இரவு எட்டுக்குத்தான் வருவாய் என்றும் சொன்னாள். குழந்தை ரிசீவரை வாங்கி, அந்தப் பெண் லைனைத் துண்டித்த பிறகும் சற்று நேரம் காதில் வைத்திருந்தாள், பிறகு ஒழுங்காகக் கீழே வைத்தாள். இதற்காக நீ வருந்தக் கூடாது. டியூட்டியில் இருப்பது குற்றம் அல்ல. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டதால் சொல்கிறேன்.

திரும்பி வந்தபோது மணி இரண்டு நாற்பது. சங்கு ஊதியது. நாங்கள் உட்காரும் முன் குழந்தை படி இறங்கிப்போய், தண்ணீர் வந்து தொட்டுத் திரும்பும் ஈரக்கோட்டின் மேல் நின்றுகொண்டாள். அலை வந்து கணுக்கால் வரை நனைத்தது. நான் அதட்டினேன். அவள் திரும்பிப் பார்த்து, "நானு எறங்கலீங்க அப்புச்சி. தண்ணிதானுங்க வந்துச்சு" என்றாள். இருக்கும் இடத்தைவிட்டு அசையாத ஒருவரிடம் தண்ணீர் தானே வந்தால் அது இறங்குவதாகுமா என்று யோசித்தேன், கோர்ட்டில் எனக்கு இப்படி ஒரு வாதம் தோன்றியதில்லை. அடுத்த அலை முழங்காலுக்கு வந்தது, அவள் தடுமாறினாள். அன்புமணி பாதி எழுந்து அப்படியே நின்று என்னைப் பார்த்து, "மாமா, புடிச்சுக்கட்டுங்களா? உழுந்துபோட்டான்னா?" என்று கேட்டார். சொந்த மகளைப் பிடிக்க என்னிடம் அனுமதி கேட்டார், பொற்கொடி. ஆம் என்றால் நான் எழுதியதை நானே மீறுகிறேன், உனக்குச் செய்த சத்தியத்தையும் மீறுகிறேன். இல்லையென்றால் பிள்ளை விழுவாள். உன் அம்மாதான் போங்க மாப்ள, போங்க என்று கையை ஆட்டினாள். அவர் செருப்போடும் பேண்டோடும் இறங்கிப்போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குழந்தையின் காதில் உன் அம்மா காலையிலேயே திணித்த பஞ்சு இருந்தது. இடுப்புக்கு மேல் நனையவிடாமல் ஒவ்வொரு அலைக்கும் அவளைத் தூக்கித் தூக்கி இறக்கினார். அவள் சிரித்த சிரிப்பை, நீ மஸ்கட் போன இந்த இரண்டு வருஷத்தில் நம் வீட்டில் நான் கேட்டதில்லை. இதை எழுதாவிட்டால் அது மறைத்தலாகும்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்பே அவர் குழந்தைக்குத் துணி மாற்றச் சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டார். எப்போது மறுபடி என்றுகூடக் கேட்கவில்லை. ஈரப் பேண்டோடு பஸ் ஏறினார். காரில் கொண்டுவிடலாமே என்று உன் அம்மா சொன்னாள், பத்திரத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.

காரமடை தாண்டியதும் குழந்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். பெரியநாயக்கன்பாளையம் வரும்போது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அடுத்த மாசம் ஜட்ஜு கேட்டா, நானு அப்பாகோடப் போறேன்னு சொல்லட்டுங்களா அப்புச்சி? நீங்க கோவிச்சுக்குவீங்களா?" வழக்கைப் பற்றி அவளுக்குச் சொன்னது அன்புமணி அல்ல. நான் தொலைபேசியில் பேசுவதைக் கூடத்திலிருந்து கேட்டிருக்கிறாள். மூன்றாவது நிபந்தனையையும் மீறியது நம் வீடுதான்.

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அம்மா பாவமல்லவா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை நீதிபதி முன் வாய் திறக்க மாட்டாள், எனக்குத் தெரியும். சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பவர்களை நான் வாழ்நாள் முழுவதும் கூண்டில் நிறுத்திக் கிழித்திருக்கிறேன். போ என்று சொல்லவோ நான் யார், நீ என்னை நம்பி விட்டுப்போன பிள்ளை. உனக்குத் தோணறதைச் சொல்லு கண்ணு, அப்புச்சி கோவிச்சுக்க மாட்டேன் என்றேன். சரிங்க என்று சொல்லி உண்மையிலேயே தூங்கிவிட்டாள். அதிலிருந்து உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நேற்றுக் காலை குழந்தையைக் காது டாக்டரிடம் காட்டினேன். உள்ளே ஈரமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். மகிழ்ச்சிதான். ஆனால் அதைக் கேட்ட கணத்தில் என் மனத்தில் முதலில் எழுந்தது ஏமாற்றம். சீழ் இருந்திருந்தால் நமக்கு ஒரு ஆதாரம் கிடைத்திருக்கும். பேத்தியின் காதில் சீழ் வராததற்காக ஏமாற்றமடைந்தவன் அவளுக்குக் காப்பாளனாக இருக்கத் தகுந்தவனா என்று நீதிபதி கேட்கலாம்.

அவர் கெட்டவர் என்று நான் இனி வாதாட முடியாது. நீ வேலைக்குப் போனது தவறு என்றும் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் போக வேண்டாம் என்றதும், நீ போனதும், உங்கள் இருவருக்கும் அவரவர் பக்கம் நியாயம். இடையில் இருப்பதற்கு எனக்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் கிடைக்கவில்லை. எந்தப் பத்திரத்தை எழுதினால் இது சரியாகும் என்று தெரிந்தால் இன்றே உட்கார்ந்து எழுதியிருப்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். குழந்தைக்கு இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று நீ கடிதம் எழுதாதே, எழுதினால் நான் அதை அவளிடம் கொடுக்க நேரும். லீவு கேட்டு வா. வந்து அவளோடு நான்கு நாள் இரு. அவரோடும் ஒருமுறை, வக்கீல் இல்லாமல், பேசிப் பார். நான் அந்த நேரம் வெளியே போய்விடுகிறேன்.

குளிர்காலத்தில் மார்ச்சளி பிடிக்கும் உடம்பு உனக்கு, ஏசி வார்டில் தலைக்குத் துணி கட்டிக்கொள். மற்றவர்களுக்காக டியூட்டி மாற்றிக்கொண்டு இரண்டு ஆள் வேலையை இழுக்காதே. நீ எந்த முடிவுக்கு வந்தாலும் அந்த முடிவோடு சேர்த்து உனக்கு என் ஆசி உண்டு, நூறாண்டு நலமாக இரு. ஜனவரி 23, வியாழக்கிழமை, காலை பத்தரை. லீவு விண்ணப்பத்தை இன்றே கொடுத்துவிடு.

மேலே கண்டவை உண்மை என்று ஒப்பமிடும்,
உன் அப்பா,
சி. லட்சுமணசாமி (ஒப்பம்)

சாட்சிகள்:

1. தம்பிதுரை, கார் ஓட்டுநர். பூங்காவிலும் காரிலும் நடந்த பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன், சரியென்று சொல்லி ஒப்பமிட்டான். (ஒப்பம்)

2. தெய்வாத்தாள், மேற்படி லட்சுமணசாமியின் மனைவி. முழுவதும் படிக்கக் கேட்டாள். "அத்தனையும் நெசந்தானுங்க. அதுக்காவ எம் புள்ளைக்கு விரோதமா நானு கையெழுத்துப் போடோணுங்களா?" என்று கேட்டு, ஒப்பமிட மறுத்துவிட்டாள்.