சல்லடையும் டர்போவும்

காருக்கு வாழ்க்கைப்பட்டவருக்கு,

சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. சல்லடையைத் தேடாதீர்கள், நீங்கள் அதில் என்ஜின் ஆயில் வடிகட்டியதால் குப்பைக்குப் போய்விட்டது.

நான் வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். “வீட்டுல கார் இருக்கே?” என்று எதிர் வீட்டு டீச்சர் கேட்டால், “அது ஓட்டுறதுக்கு இல்ல, கழட்டி மாட்டுறதுக்கு” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வேகம் கூடும் என்று ஆறு மாதமாக என்ஜினில் டர்போ மாட்டி, நேற்றுதான் அந்தக் கிழட்டு வண்டி தெருமுனை வரை போனது.

வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

பி.கு. நேற்று வண்டியை நிறுத்தியதும், “டர்போ கொதிக்குது, உடனே ஆஃப் பண்ணக் கூடாது, ரெண்டு நிமிஷம் ஓடட்டும்” என்று பக்கத்திலேயே நின்றீர்கள். உள்ளே வந்ததும் நான் சல்லடையைப் பற்றிக் கேட்டேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனீர்கள்.

நானும் கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்காக ரெண்டு நிமிஷம் நிற்கக் கூடாதா?