நாற்பது நிமிடம் ஒரே பக்கம்

ஹெல்கா கண்ணு,

சால்மன் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு. சாவியைக் கதவிலேயே விட்டுவிடாதே.

நேற்று உன்னைத் திட்டியது பள்ளிச் செயலியைப் பார்த்துத்தான். ஏரிப் பாடத்தில் நீ ஒரே பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டாய், உதவி தேவை என்று சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. "நான் ஒண்ணும் தடுமாறலம்மா, மீன்கூட இருந்தேன்" என்றாய். "மீன் வந்தா உனக்குப் பரீட்சை எழுதப் போகுது?" என்றேன். நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய்.

இன்று காலை நீ போனதும், வீட்டில் விட்டுப்போன உன் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே ஏரி முழுக்கப் பனிக்கட்டி. அடியில், நாலு டிகிரித் தண்ணீரில், மீன்கள் குளிர்காலம் முழுவதும் மெல்ல அசைந்துகொண்டிருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே நம் ஏரியும் வெள்ளையாகக் கிடந்தது. அதன் அடியிலும் யாரோ விழித்திருக்கிறார்கள் என்று இத்தனை வருடம் எனக்குத் தோன்றவே இல்லை. காபி ஆறிப்போயிற்று. பேருந்தும் போய்விட்டது.

ஏழு மணிக்குக் குடியிருப்பின் நீராவிக் குளியலறையில், அதான் சானாவில், நம் முறை. துண்டுகளை எடுத்து வை. சானாவுக்குள் சண்டை கூடாது, தெரியுமல்லவா? அங்கே உட்கார்ந்து மீன்களைப் பற்றிச் சொல்லு.

அம்மா

இன்னொன்று, இடமில்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன்: உன் பெயரில் திறந்ததை மறந்தே போனேன். செயலி உனக்கு இரண்டாவது சிவப்புப் புள்ளி வைத்துவிட்டது. ஐம்பத்திரண்டு நிமிடமாம். உங்கள் டீச்சர் கேட்டால், "அது நானில்ல, எங்கம்மா. அவங்களும் மீன்கூட இருந்தாங்க" என்று சொல்லிவிடு.