ராகேல் வீட்டுப் புரையில் இரண்டு பூட்டு

குலசேகரம்,
நவம்பர், திங்கட்கிழமை சாயங்காலம்.

அன்பு மகள் ஷைஜாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் காத்துவருகிறபடியால் இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி டெனிஷும் அவன் பெண்டாட்டி பிள்ளையும் சுகமாக இருக்கிறோம், அங்கே மெசினாவில் அந்தக் கடற்காற்றில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று கேட்காமல் அம்மா ஒருநாளும் ஜெபத்தை முடிப்பதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அம்மா இரண்டு சொல்லி முடித்துவிடுவாள், அதற்குள் டெனிஷின் மகள் ஸ்மிதா பிடுங்கிக்கொள்வாள், இது அப்படி அரைகுறையாகச் சொல்லும் விஷயம் இல்லை. கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று, இனி படிக்கலாம் எழுதலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், முப்பது வருஷம் கீரிப்பாறையில் ரப்பர் பால் லாரி ஓட்டிய கை இது, எழுதிப் பழகிய கை இல்லை.

ராகேல் வீட்டுப் புரை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் என் வாயால் கேட்டது, அதனால் என் பக்கத்து நியாயம் மட்டும் தெரியும். இப்போது முழுசாகச் சொல்கிறேன். நம்முடைய ரப்பர் தோட்டத்துக்கும் சிலுவைதாசனுடைய தோட்டத்துக்கும் நடுவில்தானே ராகேலின் விளை, அதில்தானே ரோலர் வைத்த கொட்டகை, அந்தப் புரை. அவள் புருஷன் இருந்த காலத்திலிருந்தே நாம் இரண்டு வீட்டாரும் உறைந்த ரப்பர் பாலைக் கொண்டுபோய் அங்கேதான் ஷீட் அடிக்கிறோம், முதலில் வந்தவன் முதலில் அடிக்கவேண்டும், அடித்து முடித்தவன் ரோலரைக் கழுவி வைக்கவேண்டும், அவ்வளவுதான் சட்டம், கதவுக்குப் பூட்டே கிடையாது. செப்டம்பரில் அவளுடைய மரங்களைப் பாட்டத்துக்கு, அதுதான் குத்தகைக்கு, எடுத்திருந்தவன் தவணை முடிந்தும் போகமாட்டேன் என்று நின்றான், அதிகம் பேசினால் ரோலரையே கழற்றிக்கொண்டு போவேன் என்று மிரட்டினான். பையன் துபாயில், வீட்டில் தனியாள், பயந்துபோனாள். காலையில் என்னிடம் வந்து, 'அண்ணே, நீங்க கொஞ்சம் நோக்கணும், எனக்கு வேற ஆளில்ல' என்றாள். அதே சாயங்காலம் சிலுவைதாசனிடமும் போய் அதையே சொல்லியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், பயந்தவள் கைக்கு எட்டிய எல்லாரையும்தான் கூப்பிடுவாள்.

சிலுவைதாசன் முந்திக்கொண்டான். ரோலருக்குப் பாதுகாப்பு என்று சொல்லி ஒரு பூட்டைப் போட்டு சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான். மறுநாள் காலை நான் அந்தப் பூட்டைப் பார்த்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். இன்றைக்குப் புரை, நாளைக்கு அதன் வழியாகப் போகும் நடைபாதை, அடுத்தது ராகேலின் விளை, கடைசியில் நம் விளை மூன்று பக்கமும் அவனுக்குள் அடங்கிவிடும் என்று தோன்றியது. நேரே கடைத்தெருவுக்குப் போய் அவன் பூட்டைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவந்து அதே கதவில் மேலே மாட்டினேன். இதில் வேடிக்கை என்னவென்றால் பாட்டக்காரன் முதல் பூட்டைப் பார்த்த அன்றே பால் வெட்டும் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். யாருக்குப் பயந்து பூட்டினோமோ அவன் இல்லை, பூட்டு மட்டும் இரண்டு. நான் திறந்தால் அவன் திறக்கமாட்டான், அவன் திறந்தால் நான் திறக்கமாட்டேன். எட்டு வாரமாக ராகேல் தன் சொந்தப் புரைக்குள் போகமுடியவில்லை. நன்றாகப் பால் சுரக்கும் மாதத்தில் அவளுடைய பால் முழுவதும் சிரட்டையிலேயே கட்டிபட்டு, பாதி விலைகூடக் கிடைக்காத ஒட்டுப்பாலாகப் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் தூரத்துப் புரைகளுக்குச் சுமந்தோம். நீ போனில், 'நீங்க முதல்ல எடுக்காதீங்கப்பா, அவரு எடுக்கட்டும்' என்று சொன்னாய், அது எனக்கு அப்போது தேன்போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீ இத்தாலிக்கும் உங்கள் சிசிலித் தீவுக்கும் நடுவே உள்ள கடலிடுக்கின் படத்தை அனுப்பினாய். நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயசான டீச்சரம்மா, ரோமும் கார்த்தேஜும் அடித்துக்கொண்டது எங்கள் மெசினாவை வைத்துத்தான் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். என் மகள் காய்கறி வாங்கும் ஊரில் உலகத்தையே புரட்டிய ஒரு யுத்தம் பிறந்ததா என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாகர்கோவிலுக்குக் கண் காட்டப் போன அன்று லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த சரித்திரப் புத்தகத்தை எடுத்துவந்தேன், அதற்குள் ஆபரேஷன் செய்து கண்ணில் கட்டுப் போட்டு, படிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள், அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அம்மா வாசிக்க நான் படுத்துக் கேட்டேன். மூன்று வாரம் நம் வீட்டில் இதுதான் நாடகம்.

மகளே, கேட்கக் கேட்க எனக்கு மேல் புல்லரித்தது. இத்தாலியின் ரோமும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜும் முதலில் விரோதிகளே இல்லை, மூன்று தடவை நட்பு உடன்படிக்கை எழுதிக்கொண்டவர்கள். யுத்தத்துக்குக் கொஞ்ச காலம் முன்பு உன் ஊரை ஒரு கூலிப்படை பிடித்து, ஆண்களைக் கொன்று, வீடு வாசலோடு சொந்தமாக்கிக்கொண்டது. சீரகூசா ராஜா அவர்கள்மேல் படையெடுத்து வந்தான். வேதத்தில் பவுல் கைதியாகக் கப்பலில் போகும்போது மூன்று நாள் தங்கினாரே, அதே சீரகூசாதான். பயந்துபோன கூலிப்படைக்காரர்கள் கார்த்தேஜுக்கும் ஆள் அனுப்பினார்கள், ரோமுக்கும் ஆள் அனுப்பினார்கள். கார்த்தேஜ் முந்திக்கொண்டு கோட்டைக்குள் காவல்படையை வைத்தது. ரோமின் பெரியவர்களுக்கு முடிவெடுக்க முடியவில்லை, ஏனென்றால் எதிர்க்கரையில் ரேகியுவில் இதே அக்கிரமம் செய்த தங்கள் சொந்த வீரர்களையே சில வருஷம் முன்புதான் பிடித்துத் தலையை வெட்டியிருந்தார்கள். இந்தத் திருடர்களுக்கு எந்த முகத்தோடு உதவிக்குப் போவது என்று அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. ஆனால் கார்த்தேஜ் ஏற்கெனவே அந்தத் தீவில் பாதியை வைத்திருக்கிறது, இந்த ஊரும் போனால் நம் வாசலுக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடும், நம்மைச் சுற்றி வளைத்துவிடும் என்ற பயம் கூச்சத்தைத் தின்றுவிட்டது. கொள்ளை கிடைக்கும் என்ற ஆசையும் கூட இருந்ததாம். ஜனங்கள் போகலாம் என்று கைதூக்கினார்கள், போனார்கள்.

அப்புறம் நடந்ததை எந்த அளவுகோலால் அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்துமூன்று வருஷம் அந்த முதல் யுத்தம். கடல்படையே இல்லாத ரோம், கரையில் ஒதுங்கிய ஒரு கார்த்தேஜ் கப்பலைப் பார்த்து அதேபோல நூறு கப்பல் கட்டியதாம், கப்பல் தயாராகும்வரை ஆட்களை மணலில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்காரவைத்துத் துடுப்புப் போடப் பழக்கினார்களாம். அம்மா அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, 'இத்தன மூளையும் இதுக்காக்கும் செலவழிச்சிருக்கானுவ' என்றாள். ஒரு புயலில் மட்டும் இருநூறுக்கு மேல் கப்பல் முங்கியதாம். சண்டையைக் கிளப்பிய சீரகூசா ராஜா இரண்டாவது வருஷமே ரோமோடு சமாதானமாகி அரண்மனையில் சுகமாக இருந்தான், காப்பாற்ற வந்த இரண்டு பேரும் விடாமல் வெட்டிக்கொண்டார்கள். அது முடிந்து இன்னொன்று, அதுவும் முடிந்து மூன்றாவது, முதல் நாளிலிருந்து நூற்றுப்பதினெட்டு வருஷம் கழித்து கார்த்தேஜ் என்ற பட்டணமே எரிந்து மண்ணானது. புத்தகம் பல காரணம் சொல்கிறது, வியாபாரம் என்கிறது, சிசிலியின் கோதுமை என்கிறது, தளபதிகளின் பேராசை என்கிறது. எல்லாம் இருக்கும். என்னை மலைக்கவைத்தது வேறு. ஒவ்வொரு அடியும் எடுத்துவைத்தவனுக்கு நியாயமாகத்தான் இருந்திருக்கிறது, காவலுக்கு வந்தேன் என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள், அதில் பாதி நிஜமும்கூட. அந்த வரியை வாசித்ததும் அம்மா புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்திருக்கிறாள். கண்ணில் கட்டு இருந்தாலும் எனக்குத் தெரிந்தது, நான் குறட்டை விடுவதுபோலக் கிடந்தேன்.

அப்போதும் நான் பூட்டை எடுக்கவில்லை, உன் அப்பா அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஆள் இல்லை. ஹன்னிபால் என்ற கார்த்தேஜ் தளபதிக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவன் அப்பன் பலிபீடத்தில் கைவைக்கச் சொல்லி, ரோமுக்கு ஒருநாளும் நண்பனாக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினான் என்று ஒரு கதை இருக்கிறது. அதை வாசித்தது போன வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் ஸ்மிதா பள்ளிக்கூடம் விட்டுவந்து, ஸ்கூல் வேனில் சிலுவைதாசனின் பேத்தி ஸ்மைலின் பக்கத்தில் இனி உட்காரமாட்டேன், பின்சீட்டுக்கு மாறிவிட்டேன் என்று சொன்னாள். யார் சொல்லி மாறினாய் என்று கேட்டேன். 'ஆரும் சொல்லேல தாத்தா, நானா மாறினேன்' என்றாள், நான் மெச்சுவேன் என்று நினைத்து என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் ஒன்பது வயது. ஷைஜா, நாங்கள் யாரும் அவளிடம் சத்தியம் வாங்கவில்லை, வீட்டில் பேசிய பேச்சே போதுமாக இருந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை, எல்லாரும் பால் எடுக்கும் நேரத்தில், சிலுவைதாசன் விளையில் நின்று பார்க்கும்படியே போய் என் பூட்டைக் கழற்றினேன். அவன் தன் பூட்டைத் தொடவில்லை. டெனிஷுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே, 'ஊரெல்லாம் நம்மள பாத்து சிரிக்கும்' என்று சொல்லிவிட்டுப் போனவன் இன்றுவரை என்னோடு பேசவில்லை. உன் ஊர்க் கோட்டையிலிருந்து சண்டை போடாமல் படையோடு வெளியேறிய கார்த்தேஜ் தளபதியை அவனுடைய சொந்த ஜனங்களே சிலுவையில் அறைந்தார்களாம், அதை நினைத்து, நமக்கு இந்த மட்டோடு போயிற்றே என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சிலுவைதாசன் மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தான், நான் பார்த்தபோது பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தான். இன்று காலை ஸ்மிதாவிடம் பழைய சீட்டுக்கே போ மக்கா என்றேன். 'அவ இருக்க விடுவாளா?' என்று கேட்டாள்.

மனம் கேட்காமல் இன்று நாலு மணிக்கு வேன் வரும் முக்கில் போய் நின்றேன். அங்கே சிலுவைதாசன் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தான். ஸ்மைலின் பாட்டிதான் எப்போதும் வருவாள், இவன் ஒருநாளும் வந்ததில்லை. அவன் ரோட்டைப் பார்த்தபடியே, 'கண்ணுல மருந்து ஊத்துதியா?' என்று கேட்டான், ஊற்றுகிறேன் என்றேன். வேன் வந்தது, பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே சீட்டிலிருந்துதான் எழுந்தார்கள், நடுவில் ஒரு பையை வைத்திருந்தார்கள், ஆனால் ஒரே சீட். அவன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், 'எனக்கு ஒன்ன பயமாக்கும் இருந்தது ஓய், நீ அந்தப் பெரிய பூட்ட மாட்டினப்போ' என்று சொல்லிவிட்டு நடந்தான். நான் அவனுக்குப் பயந்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், என்னைப் பார்த்து ஒருவன் பயப்படுவான் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இருபத்துமூன்று வருஷ யுத்தத்தில் அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனானே.

நீ டெனிஷுக்குப் போன் செய்து, 'முதல்ல எடுக்காதீங்கன்னு அப்பாகிட்ட சொன்னது நானும்தான், அது தப்பு' என்று உன் வாயால் சொல், என் பேச்சைவிட உன் பேச்சு அவனிடம் எடுபடும். ராகேலுக்கும் இரண்டு வார்த்தை பேசு. குளிருக்குக் காதை மூடிக்கொள், நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அந்த டீச்சரம்மாவுக்கும் சுகம் தருவாராக. சிலுவைதாசனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, எனக்கும் பயம்தான் இருந்தது என்பதை அவனிடம் சொல்லவேண்டும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே அவன் வீட்டுக்குப் போகிறேன், அம்மா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அப்பா,
ரசலையன்