வெர்னாவின் இருமல்

எல்ம் ஃபோர்க்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லீலண்டுக்கு,

ஆர்டிஸ் எழுதுகிறேன். இங்கே பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது. ஆர்வில் நலமாக இருக்கிறார். இரத்த அழுத்தம் சீர், பசி சீர், தூக்கம் சீர். பெயர்கள்தான் போய்விட்டன. நேற்றுக் காலை எங்கள் நாயை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாயும் மறுக்காமல் அவரிடம் போயிற்று. நீங்களும் அப்படியே வரவேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அவரைக் கூட்டாட்சி நீதிபதியாக்கலாம் என்று செனட்டருக்குத் தோன்றியது ஒரு வாத்து வேட்டையில். நீங்களும் அங்கே ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு வாஷிங்டனில் நாள் முழுக்கக் கேள்வி கேட்டார்கள். கல்லூரியில் என்ன எழுதினார், யாரோடு பழகினார், தோட்டக்காரருக்கு வரி கட்டினாரா என்றெல்லாம். எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. அரசியல் சாசனம் ஆயுள்வரை பதவி கொடுத்திருக்கிறது. ஆயுளை இதயத்தை வைத்து அளக்கிறார்கள். அவருடைய இதயம் அபாரமானது.

நல்ல நீதிபதி, லீலண்ட். ஆற்று நீர் பழங்குடி மக்களுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தபோது ஊர்க் காபிக் கடையில் அவருக்குக் காபி ஊற்ற மறுத்தார்கள். தினமும் போய்க் காலிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டு வந்தார். "காபி ஊத்தாதது குத்தமில்ல ஆர்டிஸ், சட்டத்தப் பாத்துட்டேன்" என்றார். அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மறதி தொடங்கியபோது, சொன்ன நகைச்சுவையையே திரும்பச் சொன்னார். வழக்கறிஞர்கள் திரும்பச் சிரித்தார்கள். தீர்ப்புகளை இளம் சட்ட உதவியாளர்கள் எழுதினார்கள். எல்லா நீதிபதிகளுக்கும் அவர்கள்தான் எழுதுகிறார்கள் என்பதால் எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போன ஆண்டு உங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய நடையின் தெளிவைப் பாராட்டியது.

விசாரணைக்குத்தான் வழி தெரியவில்லை. அதற்கு வெர்னா இருந்தாள். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்காரும் அலுவலர், உங்களுக்கு அவளைத் தெரியும். அவர் தடம் மாறினால் வெர்னா இருமுவாள், அவர் உடனே இடைவேளை அறிவிப்பார். நான் கடைசி வரிசையில் பின்னல் வேலையோடு காவல் இருப்பேன். நீதி பரிபாலனம் இப்படிச் சுமுகமாக நடந்துகொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை டுவேன் ஃபெல்டர் என்ற பண்ணைக்காரனுக்குத் தண்டனை சொல்லும் நாள். அரசுக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த மாடுகளில் சிலவற்றை விற்று, மீதி மாடுகளுக்குத் தீனி வாங்கியவன். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். சிறை வேண்டாம், கண்காணிப்பு போதும் என்று இரு தரப்பும் கேட்டன. முடிந்ததும் நேரே பண்ணைக்குப் போகலாம் என்று வண்டியில் தீவன மூட்டைகளோடு வந்திருந்தான்.

ஆர்வில் அவனைப் பார்த்து, "அந்தக் காவலாளிக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்கல்ல? சுடறப்ப யோசிச்சியா?" என்றார்.

"ஐயா, நான் மாடுதாங்க வித்தேன்" என்றான் டுவேன்.

வெர்னா இருமினாள். ஆனால் ஊரெல்லாம் காய்ச்சல். அறையில் பாதிப்பேர் அவளோடு சேர்ந்து இருமினார்கள். அவள் கண்ணில் நீர் வர இருமினாள். அரசு வழக்கறிஞர் அவளுக்கு ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார்.

"அஞ்சு வருஷம். கூட்டிட்டுப் போங்க" என்றார் ஆர்வில்.

அரசு வழக்கறிஞர் திறந்த வாய் மூடாமல் நின்றார். பிறகு அந்த வாயாலேயே, "நன்றி, யுவர் ஆனர்" என்றார். எல்லோரும் எழுந்து நின்றோம். எங்களுக்குப் பழக்கமானது அது ஒன்றுதான்.

காகிதத்தில் எதையும் உதவியாளர்கள் சரிசெய்துவிடுவார்கள். தண்டனையை மட்டும் நீதிபதி வாயால் சொல்ல வேண்டும், சொன்னதே நிற்கும். ஐந்து வருடம் சட்டத்தின் வரம்புக்குள்தான் இருக்கிறதாம். தெளிவான பிழை என்று அவரோ, அவர் இடத்துக்கு வருபவரோ திருத்த இரண்டே வாரம். அதுவும் கரைந்துகொண்டிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் அவரிடம் கேட்டேன், யார் அந்த டுவேன் என்று. "பேங்க் கொள்ளக்காரன். காவலாளியச் சுட்டவன்" என்றார். அது அவர் நீதிபதியான புதிதில் வந்த வழக்கு. அந்த ஆள் சிறையிலேயே இறந்துவிட்டான். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "மாடு வித்தவனுக்கா? ஐயோ, பேப்பர் எடுத்துட்டு வாடி, இப்பவே ராஜினாமா எழுதறேன்" என்றார். நான் காகிதத்தோடு திரும்பி வருவதற்குள், "இது எதுக்கு?" என்று கேட்டார்.

எதற்கென்று சொல்லாமல் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாம். அப்படி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று வாழ்நாளெல்லாம் தீர்ப்பளித்தவர் அவர்.

டுவேனின் வண்டி நீதிமன்ற வாசலிலேயே தீவனத்தோடு பனி மூடி நிற்கிறது. எடுத்துப் போகவில்லையா என்று அவன் மனைவியைக் கேட்டேன். "அவரு வந்து எடுப்பாருங்க" என்றாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒரு நீதிபதியால் வேலை செய்ய முடியவில்லை என்று யார் வேண்டுமானாலும் தலைமை நீதிபதியான உங்களிடம் புகார் செய்யலாமாமே. எப்படி எழுதுவது என்று வெர்னாவைக் கேட்டேன். இருமினாள். ஆகவே இந்தக் கடிதத்தையே புகாராக வைத்துக்கொள்ளுங்கள். இதில் உள்ளதெல்லாம் உண்மை என்றும், பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்றும் உறுதி சொல்கிறேன். புகார் கொடுப்பவருக்கு நீதிபதி என்ன உறவு என்று கேட்டால், கணவர்.

நோட்டீஸ் அனுப்பாதீர்கள், லீலண்ட். அதையும் உதவியாளர்கள் தெளிவான நடையில் மறுத்துவிடுவார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே வாருங்கள். அந்தப் பழைய வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அதில் உங்களை அவருக்கு அடையாளம் தெரியும். முன் வரிசையில் உட்காருங்கள். அவர் அங்கியோடு உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்போம். நீங்கள் மட்டும் எழுந்திருக்காதீர்கள். ஏன் என்று அவர் கேட்பார். அப்போது டுவேனைப் பற்றிச் சொல்லி, ராஜினாமாவை அங்கேயே எழுத வைத்துவிடுங்கள், அவர் மறப்பதற்குள்.

பாதையில் பனிக்கட்டி அதிகம். பத்திரமாக ஓட்டி வாருங்கள். கடவுள் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்களையே நம்பியிருக்கும்,
ஆர்டிஸ் ஹாகன்